சக்கர நாற்காலி தருவோர் அளவெடுத்துத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காதொலிக் கருவி வழங்கும் விழாப் படங்கள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. கொடுக்கிற மனம் செங்கோட்டையிலும் புளியரையிலும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலும் நிறையவே இருக்கிறது. அந்த மனத்தை மதித்தே இதை எழுதுகிறோம். மேடையில் கைமாறும் நாற்காலிகளில் பல, சில மாதங்களில் திண்ணை மூலைக்குப் போய்விடுகின்றன. சில நாற்காலிகள் உட்கார்ந்தவருக்கே படுக்கைப் புண்ணை உண்டாக்குகின்றன. அளவெடுக்காமல் கொடுப்பதாலும், கொடுத்த பிறகு யாரும் போய்ப் பார்க்காததாலும் வருகிற கேடு இது. இதைத் தவிர்க்கப் பெரிய செலவு ஆகாது. தையல் அளவு நாடாவும் வாரத்தில் ஒரு ஞாயிறு காலையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

கடையில் எளிதாகக் கிடைக்கும் மடக்கு நாற்காலியின் இருக்கை 18 அங்குல அகலம். ஆஸ்பத்திரியில் நோயாளியை ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குத் தள்ளிப்போக அது போதும். காலை முதல் இரவு வரை அதிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு அது சரிவராது. இடுப்பின் அகலம் 12 அங்குலமே உள்ள பிள்ளையை அதில் உட்கார வைத்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். நாளெல்லாம் சாய்ந்தே இருந்தால் முதுகெலும்பும் அந்தப் பக்கமே வளையத் தொடங்கும். அளவெடுக்கும்போது ஆளைக் கட்டிலில் உட்கார வைக்காதீர்கள். உடம்பு அமுங்கி அளவு தப்பும். கெட்டியான பெஞ்சில், முதுகை நிமிர்த்தி உட்கார வைத்து நான்கு அளவு எடுங்கள். இடுப்பின் அகன்ற பகுதியின் குறுக்களவுதான் இருக்கையின் அகலம். புட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை அளந்து, 2 அங்குலம் குறைத்தால் இருக்கையின் ஆழம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை உள்ள நீளம், இருக்கை மெத்தையின் மேல்பரப்பிலிருந்து கால்பலகை வரை இருக்க வேண்டிய உயரம். நான்காவது முதுகுச் சாய்வின் உயரம். தானே சக்கரத்தைத் தள்ளுபவருக்கு அது தோள்பட்டை எலும்புக்குக் கீழே நின்றுவிட வேண்டும். உடம்பை நிமிர்த்தி வைக்க முடியாதவருக்கு இன்னும் மேலே போக வேண்டும்.

இவற்றில் அதிகம் தவறுவது கால்பலகைதான். அது மிக உயரத்தில் இருந்தால் முழங்கால் மேலே தூக்கி, தொடை தாங்க வேண்டிய பாரமெல்லாம் புட்டத்து எலும்புகளின் மேல் இறங்கும். மிகத் தாழ்ந்திருந்தால் ஆள் முன்னால் வழுக்கிக்கொண்டே வருவார். பெரும்பாலான நாற்காலிகளில் கால்பலகைக் கம்பியில் ஒரு போல்ட் இருக்கும். ஒரு ஸ்பேனரால் தளர்த்தி ஏற்றியோ இறக்கியோ முறுக்கிவிடலாம். பலகைக்கும் தரைக்கும் 2 அங்குல இடைவெளி இருந்தால் கல்லில் தட்டாது. ஐந்து நிமிட வேலை. விழா முடிந்து கூட்டம் கலைவதற்குள் அங்கேயே இதைச் செய்துவிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சக்கர நாற்காலி வழங்குவதை எட்டுக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஆளைக் கண்டறிவது, தேவையை ஆராய்வது, எது வேண்டும் என்று குறிப்பது, பணம் ஏற்பாடு செய்து வாங்குவது, பொருளைத் தயார்செய்வது, உட்கார வைத்துப் பொருத்திப் பார்ப்பது, பயன்படுத்தப் பழக்குவது, பிறகு தொடர்ந்து போய்ப் பார்ப்பது. நம் பகுதியில் நன்கொடையாளர்கள் நான்காவதை நிறைவாகச் செய்கிறார்கள். மற்றவற்றுக்குத்தான் ஆள் வேண்டும்.

மெத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்தோ விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. வலித்தால் நாம் தன்னையறியாமல் அசைந்து உட்காருவோம். அவருக்கு வலி தெரியாது. ஒரே இடத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் செத்து, உள்ளே எலும்பு வரை புண் போகும். சீழ் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. நாற்காலியோடு வரும் தொங்கு துணி இருக்கையில் அப்படிப்பட்டவரை வெறுமனே உட்கார வைக்கவே கூடாது.

மெத்தை சரியா என்று பார்க்க ஒரு கைச்சோதனை உண்டு. அவருடைய சம்மதம் கேட்டு, பெண்ணாக இருந்தால் பெண் தொண்டரைக் கொண்டு செய்யுங்கள். அவரை ஒரு பக்கம் சாயச் சொல்லி, புட்டத்தின் அடியில் தட்டுப்படும் எலும்பு முனைக்கும் மெத்தைக்கும் நடுவில் உங்கள் விரல்களை உள்ளங்கை மேலாக வைத்து, அவரை மறுபடி நேராக உட்காரச் சொல்லுங்கள். விரல் நுனியை 5 மில்லிமீட்டர் அளவாவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் சரி. அசைக்க முடியாமல், எளிதாக வெளியே உருவ மட்டும் முடிந்தால் எச்சரிக்கை. விரல் நசுங்கி, உருவவே சிரமப்பட்டால் அந்த மெத்தை ஆகாது. இரண்டு பக்கமும் பாருங்கள். ஃபோம் மெத்தை நாளாக ஆக அமுங்கிக் கெட்டியாகும்; கொடுத்த அன்று தேறியது ஒரு வருடத்தில் தேறாமல் போகலாம். சாரல் மாதங்களில் நனைந்த மெத்தை காய்வதே இல்லை. ஆகவே ஒரு நாற்காலிக்கு ஒரு மெத்தை, இரண்டு உறை, கூடவே மாற்று மெத்தைக்கான பணம் என்று கணக்கிடுங்கள்.

மெத்தை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அவர் முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பாரத்தை இறக்க வேண்டும். தினமும் இரவில் வீட்டார் தோலைப் பார்க்க வேண்டும். எங்காவது நிறம் மாறியிருந்து, பாரம் இறக்கி அரை மணி நேரம் ஆன பிறகும் அது மறையவில்லை என்றால், மறையும்வரை அந்த இடத்தின் மேல் உட்காரவோ படுக்கவோ கூடாது. தோல் கிழிந்திருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மஞ்சள் பூசிக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது வீட்டு வாசல். தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளான லயங்களில் வாசலுக்கு மூன்று படி சாதாரணம். படியின் உயரம் ஓர் அங்குலம் என்றால் சாய்தளம் ஓர் அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. 6 அங்குலப் படி மூன்று என்றால் 18 அடி. அவ்வளவு இடமில்லை என்று 6 அடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் தானாக ஏற முடியாது. இறங்கும்போது முன்னால் கவிழ வாய்ப்பு உண்டு. நேராக இடமில்லையென்றால் சுவரை ஒட்டித் திருப்புங்கள். திரும்பும் இடத்திலும், மேலே கதவுக்கு முன்னாலும் 5 அடிக்கு 5 அடி சமதளம் விட வேண்டும். இரண்டு ஓரத்திலும் 2 அல்லது 3 அங்குல உயரத்தில் விளிம்பு கட்டினால் சக்கரம் வெளியே நழுவாது. சிமெண்டை வழவழப்பாகப் பூசவே பூசாதீர்கள். எங்கள் பக்கத்து மழையில் ஒரே பருவத்தில் பாசி பிடித்துவிடும். ஈரம் காயுமுன் தென்னந்துடைப்பத்தால் குறுக்காகக் கோடு இழுத்துவிட்டால் பிடிமானம் கிடைக்கும். லயம் கம்பெனியின் கட்டடம் என்பதால் அனுமதி கிடைக்காத இடத்தில், கழற்றி எடுக்கக்கூடிய இரும்புத் தகட்டுச் சாய்தளம் செய்யலாம். புள்ளி புடைத்த தகடே வேண்டும். ஒட்டுப்பலகை வேண்டாம், மழையில் ஊறி உப்பிவிடும்.

கதவின் அகலத்தை அளக்காமல் நாற்காலி வாங்காதீர்கள். 18 அங்குல இருக்கையுள்ள நாற்காலியின் மொத்த அகலம் ஏறத்தாழ 26 அங்குலம் வரும். குளியலறைக் கதவு பல வீடுகளில் 24 அங்குலம்தான். நாற்காலி வந்தும் கழிப்பறைக்கு இன்னும் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள் என்றால் காரணம் இது. கதவையும் நிலையையும் கழற்றிவிட்டுத் திரை போடுவது ஒரு வழி. குறுகலான கழிப்பறை நாற்காலி ஒன்று வாங்கித் தருவது இன்னொரு வழி. இரண்டாவது நாற்காலி தேவையா என்று கேட்கும் நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். தேவைதான், மாற்றுத்திறனாளியான ஒரு பெண் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் கழிப்பறைக்குப் போக வழியில்லாததே காரணமாக இருக்கும். அதனால் சிறுநீர்த் தொற்றும் வருகிறது.

பழுதுபார்ப்பில் இளைஞர்கள் செய்யக்கூடிய தொண்டு நிறைய. பின்சக்கரத்தில் காற்றுள்ள டியூப் என்றால் மாதம் ஒருமுறை காற்றடித்தே ஆக வேண்டும். பிரேக் கட்டை டயரை அழுத்தித்தான் நாற்காலியை நிறுத்துகிறது. காற்று இறங்கினால் பிரேக் போட்டும் பயனில்லை. மலைச்சரிவு வீடுகளில் இதுதான் ஆளை உருட்டிவிடுகிறது. பல நாற்காலிகளின் பின்டயர் 24 × 1 3/8 அங்குல அளவு. சைக்கிள் கடையில் டியூப் கிடைக்கும், வாங்குமுன் டயரின் பக்கத்தில் பொறித்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன் சின்னச் சக்கரங்களின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். அதை எடுத்தாலே பாதி இறுக்கம் போய்விடும். பேரிங் துருப்பிடித்துக் கரகரத்தால் மாற்றிவிடுங்கள். அதில் பழைய எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டாம். மண்ணை இழுத்துச் சேர்த்துச் சீக்கிரம் தேய்த்துவிடும். ஸ்பேனர் செட், ஆலன் கீ, கம்பி முறுக்கும் கீ, காற்றுப் பம்ப், பஞ்சர் சாமான் உள்ள ஒரு பை போதும். சரிவில் இறக்கும்போது, தள்ளுபவர் கீழ்ப்பக்கம் நின்று நாற்காலியைப் பின்பக்கமாகவே இறக்க வேண்டும் என்பதையும் அந்தச் சமயத்திலேயே வீட்டாருக்குச் செய்து காட்டுங்கள்.

அக்குள் கட்டை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டையின் மேல்பகுதி அக்குளைத் தொடக் கூடாது. நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பாரம் கையில் இருக்க வேண்டும். அக்குளில் தொங்கி நடந்தால் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிப்போகும். அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் ஈரத் தரையில் வழுக்கும். ஒரு ஜோடி கட்டை கொடுக்கும்போதே நான்கு புஷ் சேர்த்துக் கொடுங்கள்.

காதொலிக் கருவிக்கு மாதந்தோறும் பேட்டரி வேண்டும். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிகளுக்குப் பெரும்பாலும் 13 எண் அல்லது 675 எண். 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம் என்று ஒட்டுத்தாளின் நிறத்தை வைத்தே அடையாளம் காணலாம். ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கும், மறுபடி ஒட்டினாலும் நிற்காது. ஆகவே மொத்தமாக உரித்து வைக்கக் கூடாது. உரித்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். வளரும் பிள்ளைகளுக்குக் காது அச்சு, அதாவது காதுக்குள் பொருந்தும் பகுதி, சின்னதாகிவிடும். கூவென்று விசில் சத்தம் வந்தால் அச்சு மாற்ற வேண்டும் என்று பொருள். பேட்டரி வாங்க வசதியில்லாமலும் அச்சு மாற்றாமலும் பெட்டிக்குள் கிடக்கும் கருவிகள்தான் அதிகம். புதுக் கருவி வாங்கும் பணத்தில் பத்துப் பிள்ளைகளின் பேட்டரிச் செலவை ஏற்றுக்கொண்டால், அந்தப் பத்துப் பேரும் வகுப்பில் பாடம் கேட்பார்கள்.

எல்லையில் வாழ்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காகிதங்களில் இருக்கிறது. ஆரியங்காவில் ரேஷன் கார்டு, தென்காசியில் சிகிச்சை, செங்கோட்டையில் தாய்மாமன் வீடு என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். தமிழ்நாட்டுச் சான்றிதழ் இங்கே செல்லாது, புதிதாக வாங்குங்கள் என்று யாராவது திருப்பி அனுப்பினால், சட்டத்தின் 58-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். வசிப்பிட மாவட்டத்திலோ, சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலோ விண்ணப்பிக்க விதிகள் இடம் தருகின்றன. உதவித்தொகையும் பஸ் சலுகையும் வேறு: அவை அந்தந்த மாநிலத்தின் திட்டங்கள், வசிப்பிடத்தையும் ரேஷன் கார்டையும் பார்த்தே தருவார்கள். இரண்டு பக்கமும் விண்ணப்பிக்கச் சொல்லி யாரையும் மாட்டிவிடாதீர்கள்.

விண்ணப்பம் தடைபடுவது பெரும்பாலும் பெயரால். ஒரு அட்டையில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியதில் எழுத்து வேறு. கேரளத்தில் அக்ஷயா மையத்துக்கோ தமிழ்நாட்டில் இ-சேவை மையத்துக்கோ அழைத்துப் போகுமுன், ஆதாரையும் மற்ற அட்டைகளையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் என்னவென்று புரிந்துகொண்ட பிறகே கையெழுத்து வாங்குங்கள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. இந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாத பெற்றோர்களே அதிகம்.

கேரளத்தில் ஊராட்சிதோறும் வீடு தேடி வரும் பாலியேட்டிவ் (நோய்த் துன்பம் தணிக்கும் பராமரிப்பு) செவிலியர் இருக்கிறார். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். ஒருவர் மழைக்காலத்துக்கு மட்டும் மகள் வீட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் அந்தப் பட்டியலிலும் விடுபடுவார், இந்தப் பட்டியலிலும் சேரமாட்டார். அவருக்குப் போட்டிருக்கும் சிறுநீர்க் குழாயை மாற்ற வேண்டிய தேதி அதற்குள் கடந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொன்னால் போதும். நாற்காலியைப் பொருத்துவது, முடநீக்கியல் போன்ற நுட்பமான தேவைகளுக்கு, 1981 முதல் இயங்கும் ஆய்க்குடி அமர்சேவா சங்கம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. வண்டிச் செலவை ஏற்று, கூடப் போய் வருவதும் பெரிய உதவி.

மாற்றுத்திறனாளிகள் இல்லங்களுக்குப் பிறந்தநாள் சாப்பாடு கொடுப்பவர்கள் தேதி கேட்டுக்கொண்டு கொடுங்கள். தீபாவளிக்கும் ஓணத்துக்கும் இனிப்பு குவிகிறது. ஜூன், ஜூலையில் அரிசியும் டயப்பரும் குறைகின்றன. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் வாயில் நீங்களாக லட்டு ஊட்டாதீர்கள். விழுங்கும் தசை ஒத்துழைக்காமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும்; அதனால் நிமோனியா வரும், மூச்சே அடைத்தும் போகலாம். ஊட்டப் பழகியவர் இருக்கும்போது, பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், சிறு கரண்டியில், முந்தைய வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. படம் எடுப்பதற்கு அவரிடமோ பெற்றோரிடமோ கேளுங்கள். வேண்டாம் என்றால் படம் இல்லாமலே கொடுங்கள்.

பணமாகத் தருபவர்கள் வங்கி வழியாகத் தந்து ரசீது வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வருமானவரிக் கழிவு கிடையாது. வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்து, தம் சம்பாத்தியத்தை வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் ஆகும். பெறும் நிறுவனம் அதற்கான பதிவு வைத்திருக்க வேண்டும். எங்கள் கருத்தில், ஐம்பது நாற்காலிக்குத் திரட்டிய பணத்தில் முப்பது வாங்கி, மீதியை மெத்தைக்கும் சாய்தளத்துக்கும் இரண்டு வருடப் பழுதுக்கும் ஒதுக்குவதே சரி.

கையில் பணமில்லை, நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு: பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் சொல்வதை எழுதித் தரும் ஆள் எப்போதும் தேவை. கேரளத்தில் தமிழ்வழி படிக்கும் பிள்ளைகளுக்குப் பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்தவர் கிடைப்பது இன்னும் அரிது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் உள்ளவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். யார் எழுதலாம், எந்த வகுப்புக்கு மேல் படித்திருக்கக் கூடாது என்பதைத் தேர்வுக்குத் தேர்வு பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளித் தேர்வு மார்ச்சில் என்றால் டிசம்பரிலேயே தலைமை ஆசிரியரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். தேர்வுக்கு முன் இரண்டு முறையாவது மாணவரோடு உட்கார்ந்து பழைய வினாத்தாளை எழுதிப் பாருங்கள். வினாவை நிறுத்தி இரண்டு முறை வாசியுங்கள். மதிப்பெண்ணையும் சேர்த்து வாசியுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். எழுதியதைப் பத்தி முடிந்ததும் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் அவருக்கு உரிமை; மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஆகும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸை அந்தக் கணக்குப்படி பார்த்து வைத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சக்கர நாற்காலி பொருத்துதல், பழுதுபார்த்தல், வீட்டு மறுவாழ்வுப் பணிகளில் ஈடுபட்டுள்ளோர்,
செங்கோட்டை – ஆரியங்காவு